கொல்லிமலைக்கு வராத வால்தேரை

கொல்லிமலையில் அந்தப் பிராணி கிடையாது. இன்றைக்கும் யாராவது ஒரு பழைய சஞ்சிகையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்து, "உங்கள் ஜில்லாவில்தானே இதைக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கிடையாது ஐயா, கிடையாது. கொல்லிமலையிலும் கிடையாது, சேர்வராயன் மலையிலும் கிடையாது, சேலம் நாமக்கல் சீமையில் எந்தக் கிணற்றிலும் எந்தக் குட்டையிலும் கிடையாது. தமிழில் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. கண்ணால் காணாத பிராணிக்கு யார் பெயர் வைப்பார்கள்? இங்கிலீஷில் நியூட் என்பார்கள். தவளைக் குலத்தில் பிறந்தது. ஆனால் வளர்ந்த பிறகும் வால் போகாது. பார்த்தால் தடித்த பல்லி மாதிரி இருக்கும். இந்தியாவில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங் பக்கம்தான் போக வேண்டும்.

அதற்குத் தமிழில் முதன்முதலில் பெயர் வைத்தவர் எங்கள் மியூசியத்து அட்டெண்டர். "ஏனுங்க, இது என்னங்க, தேரைக்கு வாலு மொளைச்ச மாதிரி இருக்குது?" என்று ஒருநாள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்குள் அது வால்தேரை. அந்த வால்தேரைதான் அவர் வேலைக்கே உலை வைத்தது. அந்த அநியாயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேலத்தில் நான் வேலை பார்த்த மியூசியம் பெரிய மியூசியம் ஒன்றும் இல்லை. ஓடு வேய்ந்த மூன்று அறைகள், ஒன்பது கண்ணாடி அலமாரிகள், வாசலில் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். முன்பு டார்ஜிலிங்கில் தேயிலையும் பிறகு கொல்லிமலைப் பக்கம் காபியும் போட்ட ஒரு வெள்ளைக்கார துரை, வாழ்நாளெல்லாம் பாம்பும் தவளையுமாகப் பிடித்து ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு வைத்தார். சாகும்போது அத்தனையையும் ஊருக்கு எழுதி வைத்துவிட்டார். ஊரில் நாலு பெரிய மனிதர்கள் கமிட்டி போட்டு அதை நடத்தினார்கள். துரையின் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியவை பாட்டில்மேல் ஒட்டியிருந்த சீட்டுகள் மட்டுமே. ஒவ்வொரு பாட்டிலுக்கும் இரண்டு சீட்டு: மேலே பிராணியின் பெயர், கீழே அது பிடிபட்ட இடம். மேல்சீட்டு போனால் பிராணியைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். கீழ்சீட்டு போனால் அந்தப் பிராணி அனாதை. அது எந்த மலை, எந்தத் தண்ணீர் என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது.

நான் எருமப்பட்டிக்காரன். கடலைக்காட்டு விவசாயி வீட்டில் பிறந்து, மதராஸில் பிராணி சாஸ்திரம் படித்தவன். "போத்தல்ல செத்த தவளையை எண்றதுக்கா சாமி இத்தன வருசம் படிச்சே?" என்று என் அப்பா ஊர்க்காரர்கள் முன்னால் கேட்பார். என் உத்தியோகத்தின் பெயர் உதவியாளர். எனக்கு மேலே ஒரு க்யூரேட்டர், எனக்குக் கீழே இந்த அட்டெண்டர். அட்டெண்டருக்கு ஊர் குமாரபாளையம், நெசவுக் குடும்பம். தறியைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சேலத்துக்கு வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வேலையில் நான் பெரியவன், வயதில் அவர் பெரியவர். அதனால் நான் அவருக்கு 'ங்க' போடுவேன், அவர் எனக்கு 'ங்க' போடுவார். யாருக்கும் அதில் நஷ்டம் இல்லை. மதராஸிலிருந்து வந்த க்யூரேட்டர் மட்டும் அவரை 'டா' போட்டுக் கூப்பிட்டார்.

ஆயுதபூஜை வந்தால் லாரிக்காரன் லாரியைக் கழுவுவான். நெசவாளி தறிக்குச் சந்தனம் வைப்பான். எங்களுக்குப் பாட்டில்தான் ஆயுதம். வழக்கமாக அட்டெண்டர் ஈரத்துணியால் பாட்டிலின் கழுத்தைத் துடைத்து, மூடிமேல் ஒரு சந்தனப் பொட்டும் அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டும் வைப்பார். சீட்டுப் பக்கம் துணியே போகாது. க்யூரேட்டர் வந்த முதல் வருஷம் அவருக்கு இது போதவில்லை.

"அழுக்குக் கண்ணாடிக்குச் சந்தனமா? எல்லா பாட்டிலையும் தண்ணீரில் முக்கித் தேய்க்கச் சொல்லும்" என்றார் என்னிடம்.

"சீட்டு ஊறிப் போயிருமுங்க" என்றார் அட்டெண்டர்.

"போனால் திரும்ப ஒட்டுடா. உனக்கு வேறு என்ன வேலை?"

ஒட்டினோம். அன்று நடந்ததை இப்போதே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்துவைத்தது போல ஆகிவிடும். ஊறிக் கழன்று வந்த கீழ்சீட்டுகளை நான் மேசைமேல் செய்தித்தாள் விரித்து, அலமாரி வரிசைப்படி காயப்போட்டேன். அட்டெண்டருக்கு இங்கிலீஷ் தெரியாது. எந்தச் சீட்டு எந்தப் பாட்டிலுக்கு என்று எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான், ஒட்டுவது அவர். பசை அவர் வீட்டுப் பசை. நெசவுக்குமுன் பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக்கஞ்சியை இறுகக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கொஞ்சம் கலந்து கொண்டுவந்திருந்தார். கடைக் கோந்தைவிட அது நன்றாகப் பிடிக்கும் என்பார். சாயங்காலம் மழைக்காற்று ஒன்று அடித்தது. இரண்டு சீட்டுகள் பறந்து தரையில் விழுந்தன. எனக்கு நாமக்கல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஊரில் பூஜைக்குக் காத்திருப்பார்கள். பொறுக்கினேன், காலியாக இருந்த இரண்டு இடங்களில் வைத்தேன். எது எங்கே இருந்தது என்று யோசித்தேனா? யோசிக்கவில்லை. வரிசையாக எடுத்துக் கொடுத்தேன், அவர் ஒட்டினார். ஆறு அலமாரிகள் முடிந்தன. மூன்றைத் தொடுவதற்குள் நேரம் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து, தை மாதத்தில் ஒரு காலை, க்யூரேட்டர் ஒரு பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"ஓய், இதைப் பாரும். நியூட். கீழே என்ன போட்டிருக்கிறது, படியும்."

கொல்லிமலை, ஓடை ஓரம் என்று துரையின் கையெழுத்தில் இருந்தது. பாட்டிலுக்குள் மூன்று நியூட்டுகள். ஸ்பிரிட்டில் வெகுகாலம் ஊறிக் கறுத்துப்போனவை. தலை அகலம்; விலாவில் இரண்டு பக்கமும் வரிசையாக முடிச்சு முடிச்சாகக் கட்டிகள்; வால் தட்டை. அன்றைக்கு எனக்கு நியூட்டைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் புத்தகத்தில் இருந்த டார்ஜிலிங் நியூட்டின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. சொன்னேன்.

"துரை டார்ஜிலிங்கிலும் இருந்தவர்தானே சார். சீட்டு மாறியிருக்கலாம்."

"சீட்டு என்ன சொல்கிறது?"

"கொல்லிமலை என்றுதான்..."

"பிறகு என்ன? சீட்டைவிட உமக்கு அதிகம் தெரியுமோ?"

அவருக்கு வேண்டியது ஒரு புதிய இனம். தென்னிந்தியாவில் ஒருவரும் பார்க்காத நியூட். டார்ஜிலிங் நியூட்டிலிருந்து இது வேறு என்று காட்ட மூன்று காரணங்கள் எழுதினார்: முடிச்சுகள் ஒன்று அதிகம், தலை குறுகல், வால் உயரம் கம்மி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனுஷர் எண்ணியது ஒரே ஒரு பிராணியின் ஒரே ஒரு பக்கத்தை. நான் மூன்றையும் வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஒன்றுக்கு இடப்பக்கம் பதினைந்து, வலப்பக்கம் பதினாறு. இன்னொன்றுக்குப் பதினான்கு. ஒரே உடம்பில் இடதும் வலதும் ஒத்துப்போகாத ஒரு கணக்கை வைத்து இனம் பிரிக்க முடியுமா? தலை குறுகியதும் வால் ஒடுங்கியதும் ஸ்பிரிட்டின் வேலை. பழைய சரக்கு சுருங்கத்தான் செய்யும். கத்தரிக்காயை வற்றல் போட்டுவிட்டு, இது வேறு ஜாதிக் காய் என்று சாதித்தால் வீட்டில் சிரிக்க மாட்டார்களா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துத் தன் காபி டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

உயிரோடு ஒன்று பிடித்துவிட்டால் கேள்விக்கே இடமில்லை என்று நானும் அட்டெண்டரும் மழைக்காலத்தில் இரண்டு தடவை கொல்லிமலை ஏறினோம். அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம். ஒவ்வொரு ஓடையாக, ஒவ்வொரு வயல் மூலையாகக் கல்லைப் புரட்டினோம். அட்டெண்டர் மலைக்காரர்களிடம் கையை ஆட்டி ஆட்டி வால்தேரையை விளக்குவார். "அப்படி ஒண்ணு இருந்தா நாங்க வறுத்துத் தின்னிருப்போமே" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். க்யூரேட்டர் மலையடிவாரத்தில் முசாபரி பங்களாவில் தங்கியிருந்தார். இரண்டு தடவையும் இறங்கி வந்து, இல்லை என்று சொன்னோம். "உங்களுக்குத் தேடத் தெரியவில்லை" என்றார்.

பிறகு அவர் செய்ததுதான் சாமர்த்தியம். புது இனத்துக்கு லத்தீனில் பெயர் வைக்க வேண்டும். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மரியாதை இல்லை. எனவே கமிட்டித் தலைவரின் பெயருக்கு ஒரு லத்தீன் வாலைச் சேர்த்து வைத்துவிட்டார். தலைவர் அரிசி மண்டி முதலாளி. நல்ல மனிதர்தான், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சஞ்சிகையில் கட்டுரை வந்த அன்று அவர் மண்டி இருந்த செவ்வாய்ப்பேட்டை முழுக்க லட்டு. கட்டுரையில் இருந்த நியூட் படத்தைச் சட்டம் போட்டு மண்டியில் மாட்டினார். மூட்டை தூக்குகிறவர்கள்கூட அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். இனி அது டார்ஜிலிங் பிராணி என்று யார் சொன்னாலும், தலைவரின் பெயரை அழிக்கிறான் என்றே அர்த்தம். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் உத்தியோகம் வேண்டும்.

கல்கத்தாவில் ஒரு பெரிய மியூசியத்திலிருந்து, மூன்றில் ஒரு நியூட்டை அனுப்பி வையுங்கள் என்று எழுதினார்கள். அனுப்பினோம். நாலைந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். தங்களிடம் உள்ள டார்ஜிலிங் நியூட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒரு வித்தியாசமும் இல்லை, முடிச்சுகளின் எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் மாறுகிறது, தலை குறுகியது ஸ்பிரிட்டினால், தயவுசெய்து உங்கள் சீட்டுகளைச் சரிபாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். டம்ளருக்கு அடியில் போன என் தாளில் இருந்ததே எல்லாம். படித்துக் காட்டியபோது க்யூரேட்டரின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது, மறுக்கவில்லை. அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைவரைதான்.

மறுநாள் க்யூரேட்டர் கமிட்டிக்கு ஒரு ரிப்போர்ட் எழுதினார். பாட்டில்கள் மாறியது உண்மை. அட்டெண்டர் பாட்டிலிலிருந்த ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறான். போதையில் பாட்டில்களையும் சீட்டுகளையும் மாற்றிவிட்டான். இவனை உடனே நீக்கிப் போலீஸில் ஒப்படைக்க வேண்டும்.

அட பாவி மனுஷா என்று இருந்தது எனக்கு. அந்த மனிதர் வெற்றிலைகூடப் போடாதவர். ஆனால் குற்றச்சாட்டைச் சும்மா எழுதவில்லை க்யூரேட்டர். மாகாணத்திலேயே முதலில் எங்கள் ஜில்லாவில்தான் மதுவிலக்கு வந்திருந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடி, எங்கள் பாட்டில்களில் இருந்த ஸ்பிரிட்டுக்குக்கூட லைசென்ஸ் என்று ஆக்கிவிட்டார்கள். மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் மாதாமாதம் வந்து ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பாட்டிலிலும் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று எழுதிப்போவார். செத்த பாம்பு ஊறிய தண்ணீரை எவன் குடிப்பான் என்று கேட்டேன். "குடிக்கிறவன் கருவாட்டு நாத்தத்தையே பாக்க மாட்டானுங்க" என்றார் அவர். அவர் அளவு எழுதிவந்த புத்தகத்தில் நாலைந்து பாட்டில்களில் அளவு இறங்கியிருந்தது. க்யூரேட்டர் அதைப் பிடித்துக்கொண்டார். நிரூபணமானால் அட்டெண்டருக்கு வேலையும் போகும், கேஸும் வரும், குமாரபாளையத்தில் குடிகாரன் என்ற பெயரும் வரும்.

அட்டெண்டர் என்னிடம் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் குடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமுங்க. ஊட்ல சொன்னா நம்புவாங்க. வெளிய எப்படிங்க சொல்றது?"

"நான் சொல்றனுங்க. நீங்க கம்முன்னு இருங்க. நிரூபிச்சுக் காட்டறேன்" என்றேன். எவ்வளவு பெரிய வாய் எனக்கு.

விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் நான் சோறு தண்ணி பார்க்காமல் வேலை செய்தேன். முதலில் ஸ்பிரிட். ஸ்பிரிட்டின் அடர்த்தி பார்க்கிற ஒரு ஹைட்ரோமீட்டரைக் கடன் வாங்கி வந்து, அளவு இறங்கிய பாட்டில்களில் மிதக்கவிட்டேன். தண்ணீர் கலந்திருந்தால் அது உயர்ந்து மிதக்க வேண்டும். அளவு இறங்காத பாட்டில்களில் எப்படி நின்றதோ அப்படியே நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட யாரும் ஊற்றவில்லை. அளவு இறங்கிய பாட்டில்களுக்கெல்லாம் மூடி விரிசல். சேலத்துச் சித்திரை வெயிலில் ஸ்பிரிட் ஆவியாகப் போயிருக்கிறது. குடித்தது சூரிய பகவான். அவரைப் பிடித்துக் கேஸ் போடட்டும்.

அடுத்தது சீட்டு. வால்தேரைக்கு யாருடைய கொல்லிமலைச் சீட்டோ வந்திருக்கிறது என்றால், வால்தேரையின் டார்ஜிலிங் சீட்டு வேறு ஒரு பாட்டிலில் இருக்க வேண்டும். பாதிப் பொய் இங்கே இருந்தால் மீதிப் பொய் எங்கேயோ இருக்கும். டார்ஜிலிங் என்று ஒட்டியிருந்த பாட்டில்களை எல்லாம் இறக்கினேன். நாலாவது பாட்டிலிலேயே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே உருண்டையாக, குதிகாலில் மண்வெட்டி மாதிரி ஒரு தடித்த விளிம்போடு, மண்ணைத் தோண்டிப் புதைகிற தவளை. எங்கள் எருமப்பட்டிக் கடலைக்காட்டில் முதல் உழவுக்குக் கலப்பை முனையில் புரண்டு வருகிற அதே தவளை. பனிமலையில் அதற்கு என்ன ஜோலி? சின்ன வயதில் அதைக் கையில் பிடித்து விளையாடியிருக்கிறேன். இனம் கண்டுபிடிக்க எனக்கு எந்த லத்தீன் புத்தகமும் தேவைப்படவில்லை.

இரண்டு சீட்டும் ஒரே நாளில் இடம் மாறின என்று காட்ட வேண்டும். அதற்கு நான் கண்டுபிடித்த வழியை நினைத்து அன்று எனக்கே என் முதுகில் தட்டிக்கொள்ளத் தோன்றியது. துரை ஒட்டியது கோந்து. ஆயுதபூஜையன்று நாங்கள் ஒட்டியது அரிசிக்கஞ்சி. கஞ்சியில் அயோடின் பட்டால் கருநீலமாகும். கோந்தில் பட்டால் ஆகாது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் அயோடின் வாங்கி வந்து, சீட்டு ஓரங்களில் ஈர்க்குச்சியால் தொட்டு வைத்தேன். அன்று கழுவாத மூன்று அலமாரிகளில் பழுப்பாகவே நின்றது. கழுவிய ஆறிலும் கருநீலம். வால்தேரைச் சீட்டும் தவளைச் சீட்டும் மை தடவியதுபோல நின்றன. மாறியது ஆயுதபூஜையன்று, பாட்டில்களைத் தண்ணீரில் முக்கச் சொன்னது க்யூரேட்டர், போதையும் இல்லை, பொல்லாப்பும் இல்லை. தீர்ந்தது வழக்கு என்று நினைத்தேன்.

விசாரணை மியூசியத்திலேயே நடந்தது. நடுவில் தலைவர், இரு பக்கமுமாக மற்ற மூன்று உறுப்பினர்கள், ஓரத்தில் க்யூரேட்டர். அட்டெண்டர் நின்றார். நான் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுக் காட்டினேன். தவளையைக் காட்டினேன். அவர்கள் கண் முன்னாலேயே அயோடின் வைத்தேன். நிறம் மாறியபோது தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். தன் பெயர் கலைந்துபோவதைப் பார்க்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"குடிக்கலை. சரி. அந்தப் பேச்சை விட்டுடலாம்" என்றார். க்யூரேட்டர் தலையாட்டினார். இவ்வளவு சுலபமாகவா என்று நினைத்தேன்.

"இந்தக் கஞ்சி யாரோடது?" என்று கேட்டார் தலைவர்.

நான் பதில் சொல்வதற்குள் அட்டெண்டர் சொன்னார். "எங்க ஊட்டுக் கஞ்சிங்க. பாவுக் கஞ்சி."

"ஒட்டினது?"

"நானுங்க."

"கழுவச் சொன்னது க்யூரேட்டர் சார்தான். வேண்டாம் என்று இவர் அப்போதே சொன்னார்" என்றேன் நான்.

"கழுவச் சொன்னேன். மாற்றி ஒட்டச் சொல்லவில்லையே" என்றார் க்யூரேட்டர், என்னைப் பார்க்காமல். பதிலைத் தயாராக வைத்திருந்தார் போல.

தலைவர் மறுபடியும் அட்டெண்டரிடம் திரும்பினார். "உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தமிழ் நல்லாப் படிப்பனுங்க. இங்கிலீசு தெரியாதுங்க."

"இங்கிலீஷ் தெரியாம எந்தச் சீட்டு எதுக்குன்னு எப்படித் தெரிஞ்சுது? யார் எடுத்துக் கொடுத்தது?"

என் விரலில் அயோடின் கறை இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் என்று சொல்ல வேண்டியதுதான். இரண்டு எழுத்து. வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல உட்கார்ந்திருந்தேன். இவர் சொல்லட்டும், சொன்னால் ஆமாம் என்று ஒப்புக்கொள்ளலாம், மறுக்க மாட்டேன் என்று எனக்குள் ஒரு நியாயம் பேசிக்கொண்டேன்.

"நானேதானுங்க எடுத்துக்கிட்டேன்" என்றார் அட்டெண்டர்.

ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. குடித்ததாகக் கேஸ் இல்லை. ஆனால் தெரியாத பாஷைச் சீட்டைத் தன் இஷ்டத்துக்கு எடுத்து ஒட்டி, மியூசியத்தின் மானத்தை வாங்கியதற்காக வேலை நீக்கம். நான் எட்டு நாள் பாடுபட்டுக் கட்டிய நிரூபணம் அவர் கழுத்துக்கே சுருக்காயிற்று. ஹைட்ரோமீட்டரோடு நிறுத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். இல்லை, அதுவும் பொய். நான் வாயைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பார்.

வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க. இந்தப் படிப்புக்கு இந்த ஊர்ல வேற எங்கீங்க வேலை இருக்குது? எனக்குத் தறி இருக்குது. தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"நான் கேட்டனா உங்களை?"

"கேக்கலைங்க" என்றார். சற்று நின்று, "சொல்லவும் இல்லைங்களே" என்றார். குரலில் குத்தல் இல்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது. க்யூரேட்டர்மேல் வந்ததைவிட அதிகமாக அவர்மேல் வந்தது. இவர் யார் எனக்கு வாழ்க்கை தானம் பண்ண? என்னைக் கேட்காமல் என்னை மன்னிக்க யார் அதிகாரம் கொடுத்தது? இப்படி ஒரு கடனை ஒருவன் தலையில் கட்டிவிட்டுக் குமாரபாளையத்துக்கு பஸ் ஏறிவிடுவதா? "நாளைக்கே கமிட்டிக்கு எழுதறேன்" என்று கத்தினேன். "ஆகட்டுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு, சோற்றுத் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை.

அந்த வாரமே க்யூரேட்டர் என்னைக் கூப்பிட்டார். புது இனத்தை வாபஸ் வாங்கி அதே சஞ்சிகைக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும் என்றார். அது வெளிவந்தபோது அவருக்கு நல்ல பெயர். தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளும் நேர்மையான விஞ்ஞானி என்று கல்கத்தாவிலிருந்துகூடப் பாராட்டி எழுதினார்கள். குறிப்பின் கடைசியில் என் பெயருக்கு நன்றி. அச்சில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. என் அப்பா அந்தத் தாளை எருமப்பட்டியில் எல்லோருக்கும் காட்டினார்.

அந்தக் குறிப்பில் ஒரு வாக்கியம் இருக்கிறது: "எழுத்தறிவற்ற பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் இடச்சீட்டுகள் மாறியதே இப்பிழைக்குக் காரணம்." தினசரிப் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எனக்குப் படித்துக் காட்டிய மனிதரைப் பற்றி, எழுத்தறிவற்றவர் என்று. எத்தனையோ வருஷமாக அந்த வாக்கியத்தைப் படித்துக் கொதித்துக்கொண்டிருக்கிறேன். க்யூரேட்டரைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. குறிப்பை எழுதச் சொன்னார், அவ்வளவுதான்; எழுதியவன் நான். இங்கிலீஷில் எழுதி நீட்டினேன், ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். முதலில் 'பணியாளர் ஒருவரின்' என்றுதான் எழுதியிருந்தேன். எழுதிவிட்டுப் பார்த்தால், அந்த மியூசியத்தில் நானும் ஒரு பணியாளன். படிக்கிறவர்கள் எந்தப் பணியாளர் என்று கேட்டுவிட்டால்? அதற்காகத்தான் அந்தச் சொல்லை முன்னால் சேர்த்தேன்.